விடிந்துகொண்டே இருந்த ஊர்

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறவர்கள், நெடுங்கிணற்றுப்பட்டியில் பொங்கல் பானை பொங்கும்போது ஏன் ஒரு பொம்பளைகூடக் குலவை போடுவதில்லை என்று கேட்கிறார்கள், கேட்டுவிட்டு என் கடை டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே பதிலுக்கு நிற்கிறார்கள், நானும் சொல்லித் தொலைக்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்ல இந்த ஊரில் வேறு நாதி கிடையாது, மற்றவர்கள் எல்லாம் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு திரிகிறார்கள். இது செண்பகவல்லியின் பிள்ளையைப் பற்றியது. அந்தப் பிள்ளை இப்போது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரைக்கும் மறைத்து வைத்திருந்து கேட்கிறவர் நெஞ்சில் இறக்குகிற புத்தி எனக்குக் கிடையாது.

செண்பகம் என் கடைக்கு அடுத்த சுவரில் இ-சேவை மையம் வைத்திருந்தாள், கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பட்டாவா, சாதிச் சான்றிதழா, ரேஷன் கார்டில் பிறந்தவர் பேரைச் சேர்ப்பதா, செத்தவர் பேரை எடுப்பதா, ஊரில் இருக்கிற அத்தனை பேரும் அவளுடைய அந்த ஒற்றைக் கம்ப்யூட்டருக்குள் ஒரு தடவையாவது போய்த்தான் வெளியே வர வேண்டும். அவள் புருசன் பூவலிங்கம் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், வாயில்லாப் பூச்சி. கல்யாணமாகி வருசக்கணக்காக வயிறு திறக்காமல், சங்கரன்கோவிலுக்கு நடந்து, திருச்செந்தூரில் அங்கப்பிரதட்சணம் உருண்டு, மதுரையில் போய் ஊசியும் போட்டு, வைகாசியில்தான் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. ஹர்ஷினி என்று பேர் வைத்தார்கள், என் வாயில் அது நுழையாது, நான் குட்டி என்றுதான் கூப்பிடுவேன். இளவட்டம் எல்லாம் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்ட இந்த ஊரில் ரொம்ப காலத்துக்குப் பிறகு பிறந்த ஒரே பிள்ளை அது, அதனால் செண்பகத்தின் இடுப்பில் இருந்த நேரத்தைவிட மற்றவர்கள் இடுப்பில் அது இருந்த நேரம்தான் அதிகம்.

போகியன்று பழையதைக் கழிக்கிற நாள் இல்லையா, செண்பகம் வீட்டுக்கு வெள்ளையடித்து, பரணில் கிடந்த ஓட்டைக் குடத்தையும் கிழிந்த பாயையும் வெளியே எறிந்து, நிலைப்படியில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பங்குழையும் செருகிக் காப்புக் கட்டி முடித்த கையோடு மையத்துக்கு வந்தாள். கம்ப்யூட்டர் கொஞ்ச நாளாகவே இடமில்லை இடமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்ததாம். வீட்டைக் கழித்தாயிற்று, இதையும் கழித்துவிடுவோம் என்று உட்கார்ந்தாள். ஊர்க்காரர்களுடைய பத்திரம், போட்டோ எதிலும் அவள் கை வைக்கவில்லை, அதெல்லாம் பேர் தெரிந்தவர்களுடையது. ஆனால் ஒரு மூலையில் யார் பேரும் இல்லாமல், வெறும் எழுத்தும் நம்பருமாக, எத்தனையோ வருசமாக யாரும் திறந்து பார்க்காத ஃபைல்கள் குப்பையாகக் குவிந்து கிடந்தன. அழிக்க வேண்டாம் என்று மிஷின் சொல்லத்தான் செய்தது, போகியன்று எதைத் தூக்கி எறியப் போனாலும் வீட்டில் ஒருத்தர் 'அது கிடக்கட்டும்' என்று சொல்வது வழக்கம்தானே, அதை யார் கேட்கிறார்கள். படித்தவள் இப்படிச் செய்வாளா என்று என்னைக் கேட்காதீர்கள், காலையிலிருந்து கழித்துக் கழித்து அவள் கை அந்தப் போக்கில் இருந்தது. அந்த ஃபைல்கள்தான் மிஷின் ஓடுவதற்கே ஆதாரம் என்பது அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டபோதுதான் தெரிந்தது. மிஷின் எழும்பும், கம்பெனி முத்திரை தெரியும், வட்டம் ஒன்று சுற்றும், இதோ வந்துவிட்டது என்று நினைக்கும்போது ஸ்க்ரீன் கறுத்துப்போய் மறுபடியும் முதலிலிருந்து எழும்பும். அவள் பதறிப்போய்க் கோவில்பட்டியில் ரிப்பேர் பார்க்கிற ஜெபசிங்குக்குப் போன் போட்டாள், அவன் அவளோடு படித்தவன், தை பிறந்ததும் அவனுக்குக் கல்யாணம், இருந்தாலும் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்தான், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் வீட்டிலேயே படுத்தான்.

விடிந்தால் பொங்கல். கோழி கூவியது, வாசல் தெளித்தோம், கோலம் போட்டோம், அடுப்புக்குப் பொங்கல்கட்டிகளை வைத்துப் பனையோலையைச் செருகித் தீ மூட்டினோம், சூரியன் வேப்பமரத்து உச்சிக்கு வந்தது, பானையில் பால் நுரை கட்டி விளிம்புக்கு ஏறியது, குலவை போட நாக்கு எழும்பியது, சட்டென்று எல்லாம் கறுத்தது. அவ்வளவுதான். வலி கிடையாது, சத்தம் கிடையாது. கண்ணைத் திறந்தால் பாயில் கிடக்கிறோம், கோழி கூவுகிறது, வாசல் தெளிக்காமல் கிடக்கிறது, பானை கழுவிக் கவிழ்த்தபடி மூலையில் இருக்கிறது. கனவென்று நினைத்து எழுந்து மறுபடியும் வாசல் தெளித்தோம், கோலம் போட்டோம், தீ மூட்டினோம், நுரை விளிம்புக்கு வந்தது, கறுத்தது, கோழி கூவியது.

மூன்றாவது விடியலில் என் பக்கத்து வீட்டுக்காரி கோலப்பொடியோடு வெளியே வந்து என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், உனக்கும் அப்படித்தானா என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் அப்படித்தான் என்று நானும் சொல்லவில்லை, ரெண்டு பேரும் குனிந்து புள்ளி வைத்தோம். ஊர் எழும்புகிறது, எழும்பி முடிப்பதற்குள் விழுகிறது, மறுபடி எழும்புகிறது. ஜெபசிங் மையத்தின் வாசலில் நின்று உள்ளே ஸ்க்ரீனையும் வெளியே தெருவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான், அதைப் பார்த்ததும் எங்களுக்கும் விசயம் விளங்கிவிட்டது, யாரும் அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை.

பழகிக்கொண்டோம், எதற்குத்தான் பழகவில்லை. முதலில் சந்தோசப்பட்டவர்கள் பிள்ளைகள், லீவுக்குத் திருப்பூரிலிருந்து வந்த வாண்டுகள், கரும்பைக் கடித்துத் துப்பி முடித்தால் அடுத்த விடியலில் அதே கரும்பு தோகையோடு சுவரில் சாய்ந்து நிற்கும். அதற்கடுத்துச் சந்தோசப்பட்டவன் எதிர்த்த வீட்டு மாடசாமி, போகி ராத்திரி அவன் மிச்சம் வைத்த பாட்டில் ஒவ்வொரு விடியலிலும் அதே மட்டத்தில் இருந்தது. பஸ் ஏறித் தப்பிக்கப் பார்த்தவர்களும் உண்டு, எட்டயபுரம் வரைக்கும் போனவனும் கறுத்ததும் அவன் பாயில்தான் முழித்தான். மத்தியானம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. சாம்பார் இல்லை, வெயில் இல்லை, உண்ட மயக்கம் இல்லை, சாயங்காலம் ஆடு திரும்புகிற தூசி இல்லை, இருட்டில் புருசன் பெண்டாட்டி பேசிக்கொள்கிற பேச்சு இல்லை. ஒரு வாய்ச் சோற்றுக்காக நான் ஏங்கியதுபோல் என் மாமியார் வீட்டில் பட்டினி கிடந்த நாளில்கூட ஏங்கியதில்லை. கோலம் போடுவதை மட்டும் நாங்கள் நிறுத்தவில்லை, எதற்கென்று கேட்காதீர்கள், காலையில் எழுந்த பொம்பளை வேறு என்ன செய்வாள்.

ஆனால் ஒன்று. செய்ததெல்லாம் அழிந்தது, சொன்னது மட்டும் அழியவில்லை. உடைத்த பானை ஒட்டிக்கொண்டு வந்துவிடும், உடைத்த மனசு வராது. எப்படியும் மறுபடி விடியப்போகிறதே என்ற தைரியத்தில் ஆளாளுக்கு மனசில் கிடந்ததை எல்லாம் வெளியே எடுத்துவிட்டார்கள், மருமகள் மாமியாரிடம் சொன்னாள், தம்பி அண்ணனிடம் சொன்னான், கோழி கூவினால் எல்லாம் பழையபடி இருந்தது, அந்தப் பேச்சு மட்டும் காதிலேயே நின்றது. கொஞ்ச காலத்தில் ஊரே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வாசல் தெளித்தது.

குட்டிக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். போகியன்று அதற்கு எட்டு மாசம், கீழே ரெண்டு பல், சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கிற பருவம். விடியல்தோறும் சுவரைப் பிடிக்கும், முட்டி நடுங்கும், எழுந்து நிற்கப் போகும்போது கறுத்துவிடும். உடம்பு வளரவில்லை. கேட்டது மட்டும் உள்ளே சேர்ந்துகொண்டே போயிற்று. ஒருநாள் நான் கடை வாசலில் பானையைக் கழுவிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, 'அம்மா, பொங்கினா எப்படி இருக்கும்?' என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. யார் வீட்டுப் பிள்ளை என்று எட்டிப் பார்த்தேன். குட்டிதான். செண்பகத்தின் மடியில் ரெண்டு பல்லோடு, எச்சில் வழிய, தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. வெள்ளையா மேல வந்து சுத்தி வழியும் கண்ணு, எல்லாரும் குலவை போடுவாங்க என்று செண்பகம் சொன்னாள். நீ பார்த்திருக்கியா என்று அது கேட்டது. எல்லாரும் பார்த்திருக்கோம், நீ மட்டுந்தான் பார்க்கல என்று சொல்லிவிட்டு அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து எட்டு மாசப் பிள்ளை பேசுவதும் எங்களுக்குப் பழகிப்போயிற்று, கதை சொல்லச் சொல்லும், ஆள் பேரெல்லாம் சொல்லும், என்னைப் போலவே மாடசாமியைத் திட்டும்.

ஜெபசிங் சும்மா இருக்கவில்லை, பாவம், அவன் கல்யாணம் அந்தப் பொங்கலைத் தாண்டி நின்றுகொண்டிருந்தது. அவன் பையில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுகிற பென்டிரைவ் ஒன்று இருந்தது, அதைப் போட்டால் ஒரு குறையும் இல்லாமல் மிஷின் சரியாகிவிடும், ஆனால் எங்கள் ஊர்ப் பழைய மிஷினில் அது ஏறி முடிக்கச் சாயங்காலம் ஆகும், எங்களுக்கோ சூரியன் வேப்பமரத்தைத் தாண்டுவதில்லை. கோழி கூவியதும் ஓடிப்போய்ப் போடுவான், பச்சைக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நகரும், கால்வாசிக்குக்கூட வராது, கறுத்துவிடும், அடுத்த விடியலில் ஒன்றுமே ஏறாமல் மிஷின் பழையபடி நிற்கும். எத்தனை விடியல் அப்படிப் போட்டான் என்று அவனுக்கே கணக்கில்லை. வேகமாக ஏறட்டும் என்று ஊரே அந்தப் பச்சைக் கோட்டைக் கும்பிட்டுக்கொண்டு நின்ற காலமும் உண்டு, பிறகு கும்பிடுவதையும் விட்டுவிட்டோம்.

ஒரு விடியலில் அவன் வேறொரு வழி சொன்னான். மிஷின் தன்னைத்தானே அவ்வப்போது ஒரு தேதியில் சேமித்து வைத்துக்கொள்ளுமாம், அந்தத் தேதிக்குத் திருப்பிவிட்டால் அழிந்த ஃபைல்கள் திரும்பிவிடும், வேலையும் சீக்கிரம் முடிந்துவிடும், கார்த்திகையில் சேமித்தது ஒன்று இருக்கிறது என்றான். மையம் வைத்திருக்கிறவளின் பெருவிரல் ரேகையை வைக்காமல் அந்த மிஷின் எதையும் செய்ய விடாது, செண்பகம் கொஞ்சமும் யோசிக்காமல் ரேகை மிஷினில் பெருவிரலை வைத்தாள். வைத்த கொஞ்ச நேரத்தில், மார்கழியில் கோவிலுக்கு வாங்கிய புது மைக்செட் பாடிக்கொண்டிருந்த பாட்டின் நடுவில் நின்றது, போய்ப் பார்த்தால் மைக்செட் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதே நேரத்தில் வெயிலுகந்தாள் வீட்டு வாசலில் ஓர் ஆடு கத்தியது. மார்கழியில் வெறிநாய் கடித்துச் செத்து, அவளே குழிதோண்டிப் புதைத்த வெள்ளாடு அது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அந்தச் சேமிப்பு பாதியில் கெட்டுப்போயிருந்ததாம், மிஷின் தடுமாறி நின்றது, கறுத்தது, அடுத்த விடியலில் மைக்செட் பாடியது, ஆடு இல்லை.

வெயிலுகந்தாள் யாரென்று சொல்லவில்லையே. தெருக் கோடியில் இருக்கிறவள், புருசன் இல்லாதவள், தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் ஒற்றை மகனை வளர்த்தாள், கொம்பையா என்று பேர், சிரித்த முகம், ஐப்பசியில் ஒரு மழைநாளில் சிநேகிதனுடைய பைக்கை வாங்கிக்கொண்டு போய் பைபாஸ் ரோட்டில் லாரிக்கு அடியில் விழுந்து செத்தான். அந்த ஆடு கத்தியதிலிருந்து அவளுக்கு ஊண் உறக்கம் போனது, இல்லை, உறக்கம்தான் எங்கள் யாருக்குமே இல்லையே. ஒரு விடியலில் நேராக மையத்துக்கு வந்து, ஐப்பசிக்கு முந்தி சேமித்தது ஏதாவது இருக்கிறதா தம்பி என்று ஜெபசிங்கிடம் கேட்டாள். அவன் திரும்பிச் செண்பகத்தைப் பார்த்தான்.

ஒன்றே ஒன்று இருந்தது. முந்தின வருசத்துச் சித்திரையில் கோவில் கொடை சமயத்தில் சேமித்தது, கெடாமல் சுத்தமாக இருந்தது. ஜெபசிங் அதைக் கோவில் முன்னால் எல்லாருக்கும் விளக்கினான், தலையைக் குனிந்துகொண்டே விளக்கினான். 'அதை அழுத்துனா அன்னைக்கி எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிரும். அதுக்கப்புறம் அழிஞ்சது திரும்ப வந்திரும். அதுக்கப்புறம் வந்தது இருக்காது.' இருக்காது என்றால் திரும்ப வராதா என்று பூவலிங்கம் கேட்டான், கூட்டத்தில் அவன் வாயைத் திறந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வராது என்றான் ஜெபசிங். நினைப்பு மட்டும் இப்போது உயிரோடு இருக்கிறவர்களுக்கு அப்படியே இருக்கும் என்றும் சொன்னான்.

ஊர் கணக்குப் போட ஆரம்பித்தது. அந்தச் சித்திரைக்குப் பிறகு வந்தது தண்ணீர்த் தொட்டி, போனால் கிணற்றில் இறைத்துக்கொள்ளலாம். செல்போன் டவர், போகட்டும். ஊருக்குள் மருமகளாக வந்தவள் யாருமில்லை, நடந்த கல்யாணம் எல்லாம் பெண்ணைக் கட்டி வெளியே அனுப்பிய கல்யாணம்தான். போய்ச் சேர்ந்தவர்களில் பரமானந்தம் வாத்தியார் திரும்பி வருவார், அதைக் கேட்டதும் வீட்டை ஏற்கெனவே குறுக்குச் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்ட அவருடைய ரெண்டு மகன்களுக்கும் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். கொம்பையா வருவான். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர்கள் ஓர் இடத்தில் வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். எல்லார் கண்ணும் செண்பகத்தின் இடுப்புக்குப் போனது. அந்தச் சித்திரையில் வயிற்றில்கூடத் தரிக்காத குட்டி அங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த ஊர்க்காரர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் நல்ல அபிப்பிராயம் இருந்தது, அதையும் சொல்கிறேன். யாரும் அவளை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, விரலைப் பிடித்து இழுக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால்கூடத் தேவலை, நாலு வார்த்தை பதிலுக்குத் திட்டியிருக்கலாம். அவர்கள் செய்தது இதுதான்: ஒவ்வொரு விடியலிலும் வாசல் தெளித்துவிட்டு, பானையைக்கூட வைக்காமல், மையத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். ஒன்றும் பேசவில்லை. பேசினால் அது காதில் நிற்கும் என்று தெரியும், அதனால் பேசாமல் உட்கார்ந்தார்கள். நான் கடைக்குள் இருந்து, எழுந்து போங்களேன், உங்கள் வயிற்றுப் பிள்ளையாக இருந்தால் இப்படி வந்து குந்துவீர்களா என்று தொண்டை கட்டுகிற மட்டும் கத்தினேன். என் மகனும் அந்த நாளைத் தாண்டித் திருப்பூரில் நிற்கிறான், அவன் முகத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று, எனக்கு மட்டும் மத்தியானம் வேண்டாமா என்ன, இருந்தாலும் கத்தினேன். ஒருத்தர் திரும்பவில்லை.

பூவலிங்கம் ஒரு விடியலில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் ஊர்க் கிணற்றில் போட்டான். அடுத்த விடியலில் அது மேசைமேல் இருந்தது. மறுபடியும் கொண்டுபோய்ப் போட்டான். வாயில்லாப் பூச்சி, ரொம்ப காலம் விடியல்தோறும் அதைத் தோளில் வைத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தான், யாரும் தடுக்கவில்லை, அது திரும்பி வந்துவிடும் என்று அவர்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

வெயிலுகந்தாள்தான் கடைசியில் பேசினாள். செண்பகத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்து, காலைத் தொடப் போனாள், இவள் காலை இழுத்துக்கொண்டாள்.

'உம் பிள்ளையக் கொடுன்னு நான் எந்த வாயால கேப்பேன் தாயி,' என்றாள். 'நான் கேக்கல. ஆனா விடிஞ்சா எனக்கு அதுதான் நெனப்பு. கண்ணை முழிச்சதும் அவன் படுத்த பாயைப் பார்க்கேன், பெறகு உன் வீட்டைப் பார்க்கேன். என்னைய நீயே கொன்னு போட்டாலும் கோழி கூவுனா எந்திரிச்சிருவேன். நான் என்ன செய்ய, நீயே சொல்லு.'

செண்பகம் அவளைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நானும் சேர்ந்துகொள்ளலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவள் திட்டவில்லை. வெயிலுகந்தாளின் தலையைத் தன் முட்டியில் சாய்த்துக்கொண்டாள், ரெண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள், நடுவில் குட்டி உட்கார்ந்து ஒருத்தி முடியையும் இன்னொருத்தி முடியையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அப்போதும் அவள் விரலை வைக்கவில்லை. வைப்பாளா? எந்த மகராசி வைப்பாள்? இப்படியே இன்னும் எத்தனையோ விடியல் போனது, ஊரும் உட்கார்ந்து உட்கார்ந்து ஓய்ந்தது, மாடசாமிகூட பாட்டிலைத் தொடுவதை விட்டுவிட்டான், கரும்பு தின்ற பிள்ளைகள் கரும்பைக் கண்டால் அழுதன, ஜெபசிங் தன் கல்யாணப் பெண்ணின் முகம் மறந்துபோயிற்று என்று என்னிடம் சொன்னான்.

அவளை விரல் வைக்கச் செய்தது ஊர் இல்லை. குட்டிதான். எனக்குத் தெரியும், நான்தான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அதற்குள் அந்தப் பிள்ளை நம்மைப் போலவே எல்லாம் யோசிக்கிற ஆளாகிவிட்டிருந்தது, உடம்பு மட்டும் துணிக்குள் நனைத்துக்கொண்டு, கால் நிற்காமல், வாய்க்கு ஒரு கவளத்தைத் தானாகக் கொண்டுபோக முடியாமல் அப்படியே கிடந்தது. அன்றைக்கும் சுவரைப் பிடித்தது, முட்டி நடுங்கியது, உட்கார்ந்துவிட்டது. பிறகு அழுகை இல்லாமல் சொன்னது.

'எனக்கு அலுத்துப்போச்சும்மா. நான் நிக்கவே மாட்டேன். என்னைய இதுல வச்சிராத.'

செண்பகம் அன்றைக்குக் கறுக்கும்வரைக்கும் அதை மார்போடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த விடியலில் கோழி கூவியதும் எழுந்து, குட்டிக்குத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி போட்டு, பொங்கலுக்கு எடுத்து வைத்திருந்த மஞ்சள் கவுனைப் போட்டு, கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, வயிறு நிறையப் பால் கொடுத்தாள். பூவலிங்கம் கம்ப்யூட்டரைத் தூக்க வந்தவன் அதைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள். பானைக்குப் பக்கத்துல வச்சுக் காட்டுங்க, பொங்குறதைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கா என்று மட்டும் சொன்னாள். அப்புறம் உள்ளே போய்ப் பெருவிரலை வைத்தாள்.

தெருவில் எல்லா வாசலிலும் பானை ஏறியது. அவர்கள் வாசல் பானைக்குப் பனையோலையை நான்தான் தள்ளினேன். பூவலிங்கம் குட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான், குட்டி குனிந்து பானைக்குள் பார்த்தது, நுரை விளிம்புக்கு வருது, வருது என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். சூரியன் வேப்பமரத்து உச்சிக்கு வந்தது. கறுக்கவில்லை. பால் பொங்கி வெள்ளை வெளேரென்று சுற்றி வழிந்து தீயில் விழுந்து சுர்ரென்றது. அது பார்த்ததா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். நான் நிமிர்ந்தபோது பூவலிங்கத்தின் ரெண்டு கையும் பிள்ளையைப் பிடித்த வாக்கில் வளைந்தபடி இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. அவன் அந்தக் கையை ரொம்ப நேரம் இறக்கவில்லை.

ஊர் முழுக்கப் பானை பொங்கியது, யாரும் குலவை போடவில்லை. தெருக் கோடியில், ஏம்மா அழுற, எதுக்கு இப்படிக் கட்டிப்பிடிக்கிற, விடும்மா என்று கொம்பையாவின் குரல் கேட்டது. பிறகு மத்தியானம் வந்தது. வெயில் காய்ந்தது. அவ்வளவு காலம் ஏங்கிய சோற்றை வடித்து வைத்துக்கொண்டு ஆளாளுக்கு அதைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் ஜெபசிங் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினான்.

மற்றதெல்லாம் எப்படியோ சரியாகிவிட்டது, அதுதான் எனக்கு ஆத்திரம். தண்ணீர்த் தொட்டி இல்லாததற்குக் கிணற்றில் புதுக் கயிறு போட்டார்கள். மகன்கள் மறுபடியும் எழுப்பிய குறுக்குச் சுவரை வாத்தியார் தடவிப் பார்த்துவிட்டுத் தாழ்வாரத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டார், மகன்கள் முறை வைத்துச் சோறு கொடுத்தார்கள். மாசி வந்தது, பங்குனி வந்தது. கொம்பையாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது, அவன் நினைப்பு அந்தச் சித்திரையோடு நின்றுபோயிருந்தது, தான் செத்ததும் தெரியாது, அப்படி ஒரு பிள்ளை பிறந்ததும் தெரியாது. அவனிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆனால் அவன் எதிரே வந்தால் ஆட்கள் வேறு தெருவுக்குள் திரும்பினார்கள், டீ குடிக்க வந்தால் என் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். அவன் அம்மாவே அவனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள், அவ்வளவு கேட்டு வாங்கிய மகனை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

செண்பகம் மையத்தைத் திறந்துதான் வைத்திருந்தாள். வருகிறவர்களுக்கு வேலையைச் செய்து கொடுத்தாள், யாரையும் ஒரு சொல் கேட்கவில்லை. பூவலிங்கம் மட்டும் ஆட்டோவை விற்றுவிட்டுத் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டான், திரும்பவில்லை.

ஒருநாள் வெயில் ஏறிய நேரம், கொம்பையா மையத்துக்கு வந்தான். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன், கையை அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

'யக்கா, சிஸ்டம் ஓடுதா? பைக்குக்கு லைசென்சு எடுக்கணும், அப்ளை பண்ணித் தாங்க' என்றான்.

அவள் உட்காரச் சொன்னாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். அது கறுக்காமல் எழும்பியது. பேரைக் கேட்டாள், அப்பா பேரைக் கேட்டாள். அவன் சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் நிறுத்தினான்.

'யக்கா, நீங்க ஒருத்தர்தான் என் மூஞ்சியப் பார்த்துப் பேசுறீங்க. ஊரே என்னையக் கண்டா ஒதுங்குது. நான் என்னக்கா தப்பு செஞ்சேன்?'

அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

'நீ ஒண்ணும் செய்யலடா,' என்றாள். 'பொறந்த தேதியைச் சொல்லு.'

அவன் சொன்னான். அவள் தட்டினாள்.